விட்டத்துல மிச்சமான கொக்கி: ஒரு சரவிளக்கு வாங்கப் போன கதை

(எபிசோடின் ஒலி வடிவத்தை வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.)

போன மாசம் ஒரு லிஸ்னர் மெயில் அனுப்பியிருந்தாங்க. மதுரையில புதுசா ஃபிளாட் வாங்கியிருக்காங்க, ஹால்ல மாட்ட பழைய சாண்ட்லியர் ஒண்ணு தேடுறாங்க, காரைக்குடிக்குப் போகப் போறாங்க. "எதைப் பார்த்து வாங்கணும், ஏமாறாம இருக்க என்ன பண்ணணும்?" அவ்வளவுதான் கேள்வி. பத்து நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னு உட்கார்ந்தேன். ஆனா ஒரு பழைய விளக்கு எங்கேருந்து கழட்டப்பட்டதுன்னு கேட்க ஆரம்பிச்சா, அது நம்மை ரங்கூன் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுது.

மதுரையிலேயே ஆரம்பிப்போம். விளக்குத்தூண்னு சொன்னா நமக்கெல்லாம் ஜவுளிக்கடையும் தீபாவளி நெரிசலும்தான் ஞாபகம் வரும். அங்கே நிஜமாவே ஒரு விளக்குத்தூண் இருக்கு. 1834-லிருந்து 1847 வரை மதுரை கலெக்டரா இருந்த பிளாக்பர்ன் நினைவா வச்சது. அவர் காலத்துலதான் ஊரைச் சுத்தி இருந்த கோட்டைச் சுவரை இடிச்சு, அகழியைத் தூர்த்து, மதுரை வெளியே பரவ ஆரம்பிச்சுது. அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவங்க பேர்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு இன்னைக்கும் நிக்குது. கோட்டையை இடிச்சவருக்கு ஊர் விளக்கு வச்சு நன்றி சொல்லியிருக்கு, பாருங்க.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா பத்துத்தூண். சந்துக்குள்ள, கடைகளுக்கு நடுவுல, பத்து பெரிய கல்தூண்கள் தனியா நிக்கும். மேலே கூரை கிடையாது. திருமலை நாயக்கர் 1636-ல கட்டின மாளிகையோட மிச்சம் அது. நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகால், மூலக் கட்டடத்துல ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான்னு சொல்றாங்க. மீதி எங்கே போச்சு? அவரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்ப, மாளிகையைப் பிரிச்சு அங்கே எடுத்துட்டுப் போனார்னு வரலாற்று நூல்கள்ல எழுதியிருக்கு. பிற்பாடு மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு (1866–1872) பழுது பார்க்க ஏற்பாடு செய்யலைன்னா, இந்த நாலுல ஒரு பங்கும் நமக்குக் கிடைச்சிருக்காது.

இதை ஏன் சொல்றேன்னா, பெரிய வீட்டைப் பிரிச்சு எடுக்கிறது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்ல. தாத்தா கட்டினதைப் பேரன் கழட்டுறதும் புதுசு இல்ல. இது மனசுல இருக்கட்டும்.

இப்ப மேலூர், திருப்பத்தூர் வழியா காரைக்குடி போவோம். சுமார் 90 கிலோமீட்டர். வழியெல்லாம் வறண்ட சமவெளி, கருவேலம், கண்மாய். திடீர்னு ஒரு சின்ன ஊருக்குள்ள, ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியுற மாதிரி வீடு நிக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படின்னு நீண்டுக்கிட்டே போகும். இவ்வளவு வறண்ட மண்ணுல இவ்வளவு பணம் எப்படி வந்துச்சு?

பணம் இந்த மண்ணுல விளையலை. பர்மாவுல விளைஞ்சது. 1852-ல இரண்டாம் பர்மா போருக்குப் பிறகு கீழ் பர்மா பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போச்சு. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்துச்சு. ஐராவதி டெல்டா உலகத்துக்கு அரிசி ஏத்துமதி பண்ற இடமா மாறுச்சு. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேணும். ஐரோப்பிய வங்கிகள் சின்ன விவசாயிக்கிட்ட போகலை. நகரத்தார் போனாங்க. இலங்கை, மலாயா, சைகோன்னு எல்லாப் பக்கமும் தொழில் இருந்தாலும், பெரிய முதலீடு பர்மாவுலதான்.

அந்த லாபம் ஊருக்கு வீடா வந்துச்சு. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஜப்பான் டைல்ஸ், ஸ்வீடன்ல செஞ்ச எனாமல் சட்டி. கூடவே விட்டத்துல தொங்க கண்ணாடி விளக்கு. சரவிளக்குங்கிற சொல் நமக்குக் கோயில்ல சங்கிலியில தொங்குற பித்தளை விளக்கா ஏற்கெனவே தெரியும். கண்ணாடியில வந்ததைப் பழைய ஆட்கள் லஸ்தர் விளக்குன்னு சொல்வாங்க. தனியா உருண்டையா தொங்கினா குளோப்பு. சாண்ட்லியர்ங்கிற வார்த்தை நம்ம வாய்க்கு வந்தது ரொம்பப் பின்னாடி.

இந்த விளக்குகள் எங்கே செஞ்சது? கடையில கேட்டா ஒரே பதில்தான் வரும்: "பெல்ஜியம் சார்." நம்ம ஊர்ல பெல்ஜியம்ங்கிறது நாட்டோட பேரே இல்ல, அது ஒரு தரச் சான்றிதழ். நல்ல கண்ணாடின்னா பெல்ஜியம், அவ்வளவுதான். பெல்ஜியம் பெரிய அளவுல கண்ணாடி ஏத்துமதி பண்ணின நாடுதான், 1826-ல தொடங்கின வால் செயின்ட் லாம்பெர்ட் மாதிரி நல்ல கிரிஸ்டல் ஆலையும் அங்கே இருந்துச்சு. ஆனா விளக்குன்னு வந்தா உலகச் சந்தைக்கு அதிகமா அனுப்பின ரெண்டு இடம் வேற. ஒண்ணு போஹீமியா, அதாவது இன்னைக்குச் செக் நாடு. இன்னொண்ணு இங்கிலாந்து.

இங்கிலாந்து கதை சுவாரசியமானது. 1674-ல லண்டன்ல ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் கண்ணாடியோட ஈயம் கலந்து செய்ற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயம் சேர்ந்தா கண்ணாடி கனமாகும், வெட்டிப் பட்டை தீட்ட வசதியாகும், ஒளியை நல்லா உடைக்கும். பட்டை தீட்டின தொங்கட்டான்ல வானவில் மாதிரி நிறம் தெறிக்கிறது அதனாலதான். 1807-ல பர்மிங்காம்ல தொடங்கின ஆஸ்லர் கம்பெனி இந்தத் தொழிலை ராட்சத அளவுக்குக் கொண்டு போச்சு. 1851 லண்டன் பொருட்காட்சிக்கு நடுநாயகமா ஒரு முழுக் கண்ணாடி நீரூற்று செஞ்சு வச்சது அவங்கதான். அதுக்கு முன்னாடியே, 1840-கள்ல, கல்கத்தாவுல கடை போட்டுட்டாங்க. வாடிக்கையாளர் யாருன்னு நினைக்கிறீங்க? ராஜாக்களும் ஜமீன்களும்தான்.

குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனை தர்பார் ஹால்ல ரெண்டு சரவிளக்கு இருக்கு. ஒவ்வொண்ணும் மூன்றரை டன். மாட்டுறதுக்கு முன்னாடி கூரை தாங்குமான்னு பார்க்க யானைகளை மேல ஏத்தி நிறுத்தினாங்கன்னு சொல்றது வழக்கம். கேட்க வேடிக்கையா இருக்கும், ஆனா கேள்வி நியாயமானது. உங்க ஃபிளாட்டுக்கும் அதே கேள்விதான். அங்கே அப்புறம் வரேன்.

இந்தியாவுக்கு வந்த விளக்குகள்ல ஒரு தனி அடையாளம் உண்டு. ஐரோப்பாவுல மெழுகுவத்தி திறந்தபடியே எரியும். இங்கே ஜன்னல் திறந்திருக்கும், மேலே பங்கா ஆடும், காத்துல எல்லாம் அணைஞ்சிடும். அதனால ஒவ்வொரு கையிலயும் சுடருக்குக் காத்து மறைப்பா ஒரு கண்ணாடிக் கூடு, நம்ம பேச்சுல சிமினி, வச்சு அனுப்பினாங்க. மெழுகுக்குப் பதிலா கண்ணாடி டம்ளர்ல கீழே தண்ணி, மேலே தேங்காய் எண்ணெய், அதுல திரி போட்டு ஏத்துற பழக்கமும் இங்கே இருந்துச்சு. கப்பியில கயிறு போட்டு விளக்கை இறக்கி, ஒவ்வொண்ணா ஏத்தி, திரும்ப மேலே தூக்கணும். தினமும் யார் செய்வா? கல்யாணம், சாந்தி, முக்கிய விருந்தாளி. அந்த நாளைக்கு மட்டும்தான் அதுக்கு வேலை. மத்த நாள்ல அது ஒரு துணி உறைக்குள்ள தொங்கிட்டிருக்கும்.

அப்புறம் மண்ணெண்ணெய் வந்துச்சு. அதுலயும் பர்மா உண்டு: 1886-ல தொடங்கின பர்மா ஆயில் கம்பெனி, 1928-லிருந்து இங்கே பர்மா ஷெல். அதுக்குப் பிறகு கரண்ட். விட்டத்துல தொங்கின பழைய விளக்குக்குள்ள வயர் ஓட்டி பல்பு மாட்டினாங்க. நாம கடையில பார்க்கிற பல விளக்கு இப்படி ரெண்டு மூணு பிறவி எடுத்ததுதான்.

சரி, விளக்கு தொங்குச்சு. ஏன் இறங்குச்சு?

1930-ல உலகப் பொருளாதார மந்தம். அரிசி விலை விழுந்துச்சு. விவசாயியால கடனைக் கட்ட முடியலை, அடமானம் வச்ச நிலம் கடன் கொடுத்தவங்க கைக்கு வந்துச்சு. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல நிலத்துல சுமார் 6 சதவீதம் செட்டியார்கள் கையில. ஏழெட்டு வருஷத்துல அது சுமார் 25 சதவீதம். கேட்க லாபம் மாதிரி இருக்கும், ஆனா இல்ல. அவங்களுக்கு வேண்டியது பணம். வந்தது விக்க முடியாத வயல். பர்மியர்களுக்கோ அது பறிபோன பூமி. அந்தக் கோபம் நியாயமில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து வாய் பிளக்கிற நாம, ஐராவதிக் கரையில அந்த வட்டியைக் கட்டினவனையும் ஒரு நிமிஷம் நினைக்கணும்.

1942-ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்துச்சு. பல லட்சம் இந்தியர்கள் கிளம்பினாங்க. கப்பல் கிடைக்காதவங்க காட்டு வழியா, மலை வழியா நடந்தாங்க. வழியிலேயே செத்தவங்க ஆயிரக்கணக்குல. 1948-ல பர்மா சுதந்திரம் வாங்கின வருஷமே நிலத்தை நாட்டுடைமையாக்குற சட்டம் வந்துச்சு. இங்கே ஊர்ல வீடு இருக்கு, அதைத் தாங்கிப் பிடிச்ச வருமானம் அங்கேயே போயிடுச்சு.

இதுக்கு மேல இன்னொரு சிக்கல்: பங்கு. ஒரு வீடு ஒருத்தருக்குச் சொந்தம் இல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுத்தி ஒரு அறை, அவங்க பிள்ளைகளுக்கு அதுல பாகம். மூணு தலைமுறையில ஒரு வீட்டுக்கு முப்பது நாப்பது பங்குதாரர்னா ஆச்சரியம் இல்ல. சென்னையில ஒருத்தர், சிங்கப்பூர்ல ஒருத்தர், அமெரிக்காவுல ஒருத்தர். ஓடு மாத்தணும்னா யார் பணம் தர்றது? ஒருத்தர் மாட்டேன்னா மொத்தமும் நின்னு போகும். மழைத் தண்ணி ஒழுகும், தேக்கு உளுத்துப் போகும், கடைசியில எல்லாரும் ஒத்துக்கிற ஒரே விஷயம் விக்கிறது.

வித்தா, பல வீடு வீடாவே போறதில்ல. கதவு தனி, தூண் தனி, ஜன்னல் கம்பி தனி, விளக்கு தனி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல வரிசையா இருக்கிற கடைகள்ல நீங்க பார்க்கிறது அதுதான். மரப்பாச்சி, ஊறுகாய் ஜாடி, ராஜா ரவிவர்மா அச்சுப் படம், யாரோ ஒருத்தரோட தாத்தா பாட்டி கல்யாண ஃபோட்டோ. ஃபோட்டோவையும் விக்கிறாங்க. நான் முதல் தடவை போனப்ப அந்த ஃபோட்டோக்கள் முன்னாடிதான் ரொம்ப நேரம் நின்னேன்.

2014-ல செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான தற்காலிகப் பட்டியல்ல சேர்த்தாங்க. சில வீடுகள் ஹோட்டலாச்சு, சிலது ஷூட்டிங் வாடகையில ஓடுது. அதையெல்லாம் மதிக்கிறேன். ஆனா வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டுக் காப்பாத்துறதுக்கும் அந்த முப்பது பேர் கையெழுத்து வேணும்.

இப்ப அந்த மெயிலுக்கு வருவோம். கடையில நிக்கிறீங்க, மேலே விளக்கு தொங்குது, "நூத்தம்பது வருஷம் சார், பெல்ஜியம்"னு சொல்றார். என்ன பார்க்கணும்?

முதல்ல கையைப் பாருங்க, அதாவது விளக்கோட கிளையை. மெழுகுவத்திக் காலத்து விளக்குல கண்ணாடிக் கை திண்மமா இருக்கும், உள்ளே ஓட்டை இருக்காது. கரண்ட் வந்தப்ப வயரை வெளியே சுத்தி இழுத்திருப்பாங்க. கையே குழாயா இருந்து வயர் உள்ளே ஓடுச்சுன்னா, அது கேஸ் அல்லது மின்சாரக் காலத்துல செஞ்சது. அது குறை இல்ல. ஆனா மெழுகுவத்திக் காலத்து விளக்குன்னு அவர் சொன்னா, அந்தக் குழாயைக் காட்டிக் கேள்வி கேளுங்க.

அடுத்து எழுத்து. உலோக மூடியில, ஹோல்டர்ல ஏதாவது பொறிச்சிருக்கான்னு பாருங்க. "செக்கோஸ்லோவாக்கியா"ன்னு இருந்தா அது 1918-க்கு முன்னாடி இருக்கவே முடியாது, ஏன்னா அப்படி ஒரு நாடே அதுக்கு முன்னாடி இல்ல. போஹீமியா அதுவரைக்கும் ஆஸ்திரியப் பேரரசுக்குள்ள இருந்துச்சு. வரலாறு படிச்சதுக்கு வாழ்க்கையில கிடைக்கிற சில உடனடி பலன்கள்ல இது ஒண்ணு.

தொங்கட்டான்ல விரலை ஓட்டுங்க. கையால பட்டை தீட்டினதுன்னா ஓரம் கூர்மையா, ஒவ்வொண்ணும் நூலளவு வித்தியாசமா இருக்கும். அச்சுல ஊத்தினதுன்னா ஓரம் மழுங்கி, பக்கத்துல மெல்லிசா ஒரு கோடு தெரியும். ஈயக் கண்ணாடி அளவுக்கு மீறி கனக்கும், நகத்தால தட்டினா கணீர்னு நீண்டு ஒலிக்கும். எல்லாத் தொங்கட்டானும் ஒரே மாதிரி இல்லைன்னா பயப்படாதீங்க. நூறு வருஷத்துல சிலது உடையத்தான் செய்யும், வேற விளக்குலேருந்து எடுத்து மாட்டியிருப்பாங்க. எத்தனை மாத்தினதுன்னு கேட்டு, அதுக்கேத்த மாதிரி விலை பேசுங்க. எல்லாம் பளபளன்னு ஒரே அச்சுல இருந்தாதான் எனக்குச் சந்தேகம் வரும். உத்தரப் பிரதேசத்துல ஃபிரோசாபாத்ல இன்னைக்கும் நல்ல கண்ணாடி விளக்குகள் செய்றாங்க. அதைப் புதுசுன்னு சொல்லி வித்தா தாராளமா வாங்கலாம், எனக்கு அதுல எந்த இளப்பமும் இல்ல.

வியாபாரத்துல நூறு வருஷம் தாண்டினாதான் ஆண்டிக், அதுக்குள்ளன்னா விண்டேஜ். நம்ம ஊர் கடைகள்ல கிடைக்கிறதுல நிறைய 1920, 30-கள்ல வந்ததுன்னு எனக்குப் படுது. யோசிச்சா அதுவும் சரிதான், பர்மா பணம் உச்சத்துல இருந்த காலம் அது. வெளிநாட்டுல இருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க: 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு எடுத்துட்டுப் போக முடியாது. அதுக்குள்ள இருக்கிற பொருளுக்கும், இது தொல்பொருள் இல்லைன்னு இந்தியத் தொல்லியல் துறையோட சான்றிதழ் கையில இருந்தா ஏர்போர்ட்ல தப்பிச்சீங்க.

வீட்டுக்கு வந்தா யானை கேள்வி. ஃபேன் கொக்கியில மாட்டாதீங்க, தயவு செஞ்சு. கடையிலேயே விளக்கோட எடையைத் தராசுல போட்டு எழுதி வாங்கிட்டு, அந்த எண்ணை உங்க இன்ஜினியர்கிட்ட காட்டுங்க. பழைய வயர் துணி சுத்தினதா இருக்கும், ரப்பர் பொடிஞ்சு போயிருக்கும். மொத்தமும் மாத்தி, எர்த் போட்டாதான் சுவிட்ச் பக்கம் கை போகணும். ஹோல்டர் நம்ம சாதாரண பின் வகைன்னா பல்பு எங்கேயும் கிடைக்கும், சின்ன மரை வகைன்னா தேடணும். பல்பு மஞ்சள் வெளிச்சமா, 2700 கெல்வின் பக்கம் இருக்கட்டும். எண்ணெய் வெளிச்சத்துக்குச் செஞ்ச கண்ணாடியில டியூப்லைட் வெள்ளை அடிச்சா ஆஸ்பத்திரி ஆயிடும்.

அப்புறம் உயரம். செட்டிநாட்டு வளவுல ரெண்டு மாடி உயரத்துல தொங்கினதை நாம பத்தடி ஃபிளாட்டுக்குள்ள கொண்டு வரோம். ஆள் நடக்கிற இடம்னா விளக்கோட அடிக்கும் தரைக்கும் ஏழடியாவது வேணும். கணக்குப் போட்டுப் பார்த்தா விளக்குக்கு மிஞ்சுறது மூணடிதான். அதனால என் யோசனை: பன்னண்டு கை விளக்கை விட்டுடுங்க. ஒத்தைக் குளோப்பு, இல்ல மூணு கை. சாப்பாட்டு மேசைக்கு மேலேன்னா கொஞ்சம் தாழத் தொங்கலாம், அங்கே யாரும் நடக்கப் போறதில்ல.

இன்னொரு கேள்வி மெயில்ல இல்ல, ஆனா எனக்கு வந்துச்சு. நாம வாங்குறதாலதான் வீடுகளை இடிக்கிறாங்களா? ரொம்ப யோசிச்சேன். இடிச்ச வீட்டு விளக்கை நாம வாங்கலைன்னா அது காயலான் கடைக்குப் பித்தளையா போகும், கண்ணாடி குப்பைக்குப் போகும். அது உண்மை. ஆனா பிரிச்சு வித்தா நல்ல காசுன்னு ஆனதுக்கப்புறம், நின்னுட்டிருக்கிற வீட்டையும் பிரிக்கிற ஆசை வரும். அதுவும் உண்மை. நான் எடுத்த முடிவு இது: கடைக்காரர்கிட்ட எந்த ஊர், எந்த வீட்டுலேருந்து எடுத்ததுன்னு கேட்பேன். சொன்னா எழுதி வாங்கிப்பேன், பில்லோட. சொல்லத் தயங்கினா, விளக்கு எவ்வளவு அழகா இருந்தாலும் வெளியே வந்துடுவேன். பங்காளிகள்ல ஒருத்தர் மத்தவங்களுக்குத் தெரியாம கழட்டி வித்ததும் சந்தைக்கு வரும். வாசல் பூட்டின வீட்டுக்குள்ள ராத்திரியில இறங்கினதும் வரும்.

அந்த லிஸ்னர் போன வாரம் திரும்ப எழுதினாங்க. ரெண்டு நாள் சுத்திட்டு ஒரு பச்சைக் குளோப்பு வாங்கியிருக்காங்க. பில்லுல ஊர் பேர் எழுதித் தந்திருக்கார். திரும்பி வர்ற வழியில அந்த ஊர்ல காரை நிறுத்தி வீட்டைத் தேடியிருக்காங்க. முன்கட்டு இல்ல, கருவேலம் மொளைச்சிருக்கு. பின்கட்டு மட்டும் நிக்குது, பக்கத்து வீட்டு ஆச்சி சாவி வச்சிருந்தாங்களாம். உள்ளே போய்ப் பார்த்தா விட்டத்துல வரிசையா ஆறு கொக்கி, ஒண்ணுலயும் விளக்கு இல்ல. ஆச்சி குளோப்பைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது மூணாவது கொக்கியில தொங்கினது. அந்தப் பக்கம் ஓரத்துல ஒரு சில்லு பெயர்ந்திருக்கும் பாரு"ன்னு சொல்லியிருக்காங்க.

பெயர்ந்திருந்துச்சாம்.